மாளிகாகந்தைத் தண்ணீர்

வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில், தண்ணீர் இறங்க மறுத்த குளியலறைக் கானின் மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்ட பாஸ், ஒரு பிடி கறுப்புச் சேற்றை எடுத்துப் பழைய பேப்பரில் வைத்தார். சேற்றுக்குள் பயறளவு வெள்ளைக் கற்கள். “மே மொனவத மாத்தயா?”, இதெல்லாம் என்ன ஐயா என்று அவர் சிங்களத்தில் கேட்டபோது வீட்டிலிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் மட்டும் குனிந்து மணந்து பார்த்தார். கானின் நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாசம் இருந்தது. மண்ணும் பாசியும் சேர்ந்து ஊறிய வாசம். மீன் தொட்டியின் அடியில் மாதக்கணக்காய்க் கிடந்த கல்லிலிருந்துதான் அது வரும்.

பேரன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டித் தண்ணீர் மாற்றும்போது ரியூப் வழியாக இழுபட்டு வந்த கற்கள் அவை. கானுக்குக் கீழே குழாய் வளைந்து போகும் இடத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கீழிருந்து எழும்பும் வாயுவை வீட்டுக்குள் விடாமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். கல் போனால் அந்த வளைவைத் தாண்டாது. மேலே தலைமயிரும் சவர்க்கார அழுக்கும் வந்து சிக்கிக்கொள்ளும். பாஸ் வேலையை முடித்து, காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். படவரைஞராக இருந்து ஓய்வுபெற்ற அந்த மனிதருக்கு அன்று முழுக்க மருதானை நினைவுதான்.

அவர் வளர்ந்தது மருதானைப் புகையிரத நிலையத்துக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். முற்றம் பொது, பைப் பொது, முற்றத்து ஓரமாய் ஓடிய திறந்த கானும் பொது. டவர் மண்டபம், எல்பின்ஸ்டன் படமாளிகை, ஸாஹிராக் கல்லூரி, பழைய மோட்டார் சாமான் குவிந்து கிடக்கும் பஞ்சிகாவத்தைக் கடைகள், இவ்வளவும் நடந்தே போகும் தூரம். முதல் மீன் தொட்டி பஞ்சிகாவத்தையில் வெல்டிங் வேலை செய்த ஒருவரின் கையால் வந்தது. எங்கிள் அயனில் சட்டம். அதற்குள் கண்ணாடியை நிறுத்திப் புட்டி வைத்து அமத்த வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். இன்றைய கணக்கில் 56 லீட்டர். அன்றைய வாயில் பன்னிரண்டு கலனுக்குக் கொஞ்சம் மேல். சட்டத்துக்குப் பச்சைப் பெயின்ற் பூசி, வாரக்கணக்கில் தண்ணீர் விட்டு விட்டு ஊற்றிப் புட்டியின் எண்ணெய் வாடை போன பிறகுதான் மீன். சிலிக்கன் பசையால் ஒட்டிய சட்டமில்லாத தொட்டிகளைப் பார்த்து வளர்ந்த பேரனுக்கு, இரும்புச் சட்டத்துக்குள் மீன் வளர்த்த கதை நம்பமுடியாததாக இருக்கிறது.

மீன் கடைக்காரரை எல்லோரும் நானா என்றே கூப்பிட்டார்கள். கடை என்பது ஒரு வீட்டின் முன்விறாந்தை. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த எழுபதுகளின் முற்பாதி அது. காற்றுப் பம்பி, வெளிநாட்டுத் தீனி, மருந்து ஒன்றும் கடையில் இராது. இருந்ததெல்லாம் நாட்டு மீன். ஈர வலயத்து ஓடைகளிலிருந்து பிடித்து வந்த லே தித்தியா, புலத் ஹப்பயா, ஹல்மல் தண்டியா. ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் சோடியாய் விட்டுக் கொடுப்பார். ஆண் லே தித்தியா முட்டையிடும் காலத்தில் மிளகாய்ப்பழ நிறத்துக்குச் சிவந்துவிடும். 1929இல் விலங்கியலாளர் தெரணியகல அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார் என்பதும், களனி தொடக்கம் நில்வளை வரையான தென்மேற்கு ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாய் வாழவில்லை என்பதும் அந்தச் சிறுவனுக்குப் பிற்காலத்தில்தான் தெரியவந்தது. அன்றைக்கு அது போத்தலுக்குள் ஓடுகிற ஒரு சிவப்பு. அவ்வளவு போதுமாக இருந்தது.

தண்ணீரை மாற்றக்கூடாது என்பது அந்தக் காலத்து மீன்காரர் பலரின் நம்பிக்கை. மீனும் நீர்த்தாவரமும் அளவாக இருந்தால் தொட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று லண்டன் இரசாயனவியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் எடுத்துச் சொன்ன கருத்து, ஒரு நூற்றாண்டைத் தாண்டி மருதானை வரை வந்து சேர்ந்திருந்தது. பழந்தண்ணிதான் மீனுக்கு நல்லது என்பார்கள். தேயிலைச் சாயம் போல மஞ்சள் பிடித்த தண்ணீரைப் பெருமையோடு காட்டுவார்கள். ஆனால் கொழும்பு வெக்கையில், சிறுவர்கள் இரக்கப்பட்டுப் போடும் பாண்தூளில், அந்தச் சமநிலை நெடுநாள் நிற்கவில்லை. தண்ணீர் வெண்மையாய்க் கலங்கும்; காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நானா ஒரு நடுவழி சொல்லிக் கொடுத்தார். “மகன், எல்லாத்தையும் எடுக்க வேணாம். மூண்டுல ஒரு பங்கு எடுங்க. அடியில உள்ளத எடுங்க. ஊத்துறது மட்டும் ரெண்டு நாள் வெச்ச தண்ணியா இருக்கோணும்.”

அது ஏன் என்பதற்கு அவரிடம் விளக்கம் இருக்கவில்லை, சொன்னது அத்தனையும் சரி. மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். கல்லிலும் சுவரிலும் ஒட்டி வாழும் பக்ரீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும் நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கொடியதல்ல, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். தொட்டியிலிருந்து அதை வெளியே எடுக்க எளிய வழி தண்ணீரை மாற்றுவதுதான். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றிக் கல்லையும் கழுவி எடுத்தால் அந்தப் பக்ரீரியாக்களும் போய்விடும். நானாவின் மூன்றில் ஒரு பங்கு இன்றைய மீன் வளர்ப்புக் கைநூல்களோடு ஒத்துப்போகிறது.

தண்ணீரை இரண்டு நாள் வைப்பது குளோரீன் போவதற்காக. அவசரமென்றால் புகைப்பட ஸ்ரூடியோவுக்கு ஓட வேண்டும். படம் கழுவும் ஹைப்போவும் குளோரீனை முறிக்கும் மருந்தும் ஒன்றேதான், சோடியம் தயோசல்பேற்று. ஸ்ரூடியோக்காரர் கடதாசியில் சுருட்டிக் கொடுக்கும் சீனிக் கற்கண்டு மாதிரியான படிகங்களில் ஒன்றை வாளிக்குள் போட்டுக் கலக்கினால் போதும். டிஜிட்டல் கமெரா வந்து ஸ்ரூடியோக்களின் இருட்டறைகள் மூடப்பட்டபோது, மீன் வளர்ப்பவர்களின் ஒரு பழைய ஊற்றும் அடைபட்டது. இப்போது அதே பொருள் சின்னப் போத்தலில் நீல நிறத்தில் கரைந்து விலைக்கு வருகிறது.

பைப்பில் வந்த தண்ணீரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து மருதானை மாளிகாகந்தைத் தாங்கிக்குக் குழாய் வழியே தண்ணீர் வரத் தொடங்கியது 1886இல். கொழும்பு கிணறுகளை விட்டுக் குழாய்க்கு மாறிய கதையின் தொடக்கம் அது. லபுகமவில் தேக்கப்படுவது வக் ஓயா, களனி கங்கையின் கிளை. காட்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பில்லாத மென்மையான தண்ணீர். களனிப் பக்கத்து மீன், களனிப் பக்கத்துத் தண்ணீரிலேயே, மருதானை ஒழுங்கையொன்றின் இரும்புச் சட்டத்துக்குள் முட்டையிட்டது. எத்தனையோ நாட்டில் எவ்வளவோ பாடுபட்டு உண்டாக்கும் தண்ணீர் அந்தப் பிள்ளைகளுக்குப் பைப்பைத் திறந்தால் வந்தது. அந்தக் கொடுப்பினையை நினைத்தால் அவருக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

தண்ணீரை வெளியே எடுப்பதற்கு ஒரு சேலைன் ரியூப் இருந்தது. பார்மசியில் வேலை செய்த சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தது. ஒரு நுனி தொட்டிக்குள், மறு நுனி வாயில். இழுத்துவிட்டு, தண்ணீர் பல்லைத் தொடுமுன் வாளிக்குள் விட வேண்டும். தொடத்தான் செய்யும். பிறகு அண்ணன் ஒரு வித்தை கண்டுபிடித்தார். ரியூப்பைப் பைப்பில் பிடித்து நிரப்பி, இரண்டு நுனியையும் பெருவிரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டிக்குள்ளும் மற்றதைத் தாழ்ந்த வாளிக்குள்ளும் வைத்து ஒரே நேரத்தில் விரலை எடுப்பது. வாளி தொட்டியைவிடப் பதிவாக இருக்கும்வரை தண்ணீர் தானே ஓடும். இரண்டு வாளி எடுத்தால் கணக்கு முடிந்தது.

அந்த இரண்டு வாளியை எங்கே ஊற்றுவது என்பதில்தான் வீட்டில் வழக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அப்பாச்சி வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார். உயிரோடு ஓடும் மீனின் தண்ணீர் மச்சமா இல்லையா என்று அவரிடம் ஒருவரும் வாதாட முடியவில்லை. “குசினிப் பக்கம் அந்த வாளி வரப்படாது. சட்டி கழுவுற இடத்திலை மீன் தண்ணியை ஊத்துறதோ?” என்பார். வெள்ளிக்கென்று தொடங்கிய தடை ஏழு நாளைக்கும் நிலைத்தது. அப்பாச்சியின் நியாயம் ஆசாரத்திலிருந்து வந்தது, ஆனால் வைத்தியமும் அவர் பக்கம்தான். 1926இல் பிலடெல்பியா நீருயிரினக் காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்து ஆரன்சன் என்பவர் பிரித்தெடுத்த ஒரு பக்ரீரியா, தொட்டித் தண்ணீரிலும் இருக்கக்கூடியது. கையில் கீறல் இருந்தால் அதன் வழியாய்ப் புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும். அரிசி கழுவும் தொட்டியில் மீன் தண்ணீரை ஊற்ற வேண்டாம் என்று இன்றைக்கு வைத்தியர்களும் சொல்வார்கள்.

ஆகவே வாளி முற்றத்துக்குப் போகும். அங்கே முதல் வீட்டு அக்கா காத்துக்கொண்டிருப்பார். பழைய எண்ணெய்த் தகரங்களில் ரோசா, துளசி, ஒரு கறிவேப்பிலைக் கன்று. மீன் தண்ணீர் விட்ட ரோசா மற்றதைவிடக் கருகருவென்று துளிர்க்கிறது என்பதை அவர் கண்ணால் கண்டு வைத்திருந்தார். மீனுக்கு வேண்டாத நைத்திரேற்று செடிக்குச் சோறு. தகரங்கள் குடித்து மிஞ்சியதுதான் கானுக்கு. சில கிழமைகளில் கானுக்கு ஒன்றுமே மிஞ்சாது. பதிலுக்கு அக்கா வீட்டிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை குசினிக்கு வரும். அதற்கு அப்பாச்சி தடை சொன்னதில்லை!

அந்த ஒழுங்கையில் இன்னொரு வீட்டிலும் மீன் இருந்தது. வாளி தூக்க அலுத்த அந்த வீட்டு மூத்த பையன் பைப்பில் றப்பர் ஹோஸை மாட்டி, மறு நுனியைத் தொட்டியின் அடிவரை இறக்கிவிட்டுத் திறந்து வைப்பான். ஒருநாள் அப்படியிருக்கும்போது தண்ணீர் நின்றுவிட்டது. கீழ்ப்பக்கத்து வீட்டில் பைப் திறந்தபடி இருந்தது. குழாயில் அழுத்தம் போனால் மேலே இருக்கும் தண்ணீர் வந்த வழியே திரும்பி இறங்கும். தொட்டி பாதிக்குக் கீழே போனதைக் கண்டபின்தான் ஹோஸைப் பிடுங்கினார்கள். கீழ்வீட்டுப் பானைக்குள் ஒரு துண்டுப் பாசி. ஒழுங்கை முழுவதும் அன்று தண்ணீர் கொதிக்கவைத்துக் குடித்தது. பைப்பின் வாய்க்கும் தொட்டித் தண்ணீருக்கும் இடையில் காற்று இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்று கட்டட வரைபடங்களில் கோடு போடும் காலத்தில், அந்தப் பச்சைத் துண்டு அவருடைய கண்ணுக்கு முன்னால் வரும்.

கானுக்குப் போன தண்ணீர் எங்கே போகிறது? மருதானையின் திறந்த கான்கள் மழைநீருக்கானவை. அவை தாழ்ந்த பக்கமாய் ஓடி வாய்க்காலிலும் பேரை வாவியிலும் விழும். மலசலகூடத்துக் குழாய் வேறு. அது நிலத்துக்கடியில் போகும் கழிவுக் குழாய்த் தொகுதி. ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்புக்குப் போட்ட அமைப்பு அப்படிப் பிரிந்தது. சிறுவர்களுக்கு இந்தப் பிரிவு தெரியாது. ஆனால் வாய்க்காலை நன்றாகத் தெரியும். ஏனென்றால் மீனுக்குத் தீனி அங்கேதான் கிடைத்தது. கரையோரச் சேற்றில் செம்மயிர்க் கொத்தாய் அசையும் ரியூபிஃபெக்ஸ் புழுவைச் சிரட்டையால் வழித்தெடுத்து, பைப்புக்கடியில் அலசி அலசிச் சேறு போக்கி, சோடாப் போத்தல் மூடியளவு தொட்டியில் போட்டால் மீன் பாய்ந்து வரும். கழிவு நிறைந்த, ஒட்சிசன் குறைந்த சேற்றில் செழிக்கும் புழு அது. வாய்க்கால் எவ்வளவு கெட்டதோ அவ்வளவு புழு. ஊரார் ஊற்றியதெல்லாம் போய்ச் சேரும் இடத்திலிருந்து தன் மீனின் சாப்பாடு வருகிறது என்பது பதினாலு, பதினைந்து வயதில் அவருக்கு உறைத்தது. அதன்பிறகு ஒரு வாளியைக் கவிழ்க்குமுன் அது எந்தப் பக்கம் ஓடும் என்று பாராமல் விட அவரால் முடிந்ததில்லை.

1977க்குப் பிறகு இறக்குமதிக்குக் கதவு திறந்தது. காற்றுப் பம்பி வந்தது, சிலிக்கன் தொட்டி வந்தது, அமேசன் மீன் வந்தது. நானாவின் விறாந்தையில் லே தித்தியாவைக் கேட்பாரில்லை.

1983 ஜூலை 24 இரவு பொரளைக் கனத்தையில் மூண்ட தமிழருக்கெதிரான வன்முறை மறுநாள் மருதானைக்கும் வந்தது. நானாவின் வீட்டு உள்ளறையில் குடும்பம் இரண்டு இரவு இருந்தது. பிறகு இரத்மலானை முகாம், ‘லங்கா கல்யாணி’ கப்பல், காங்கேசன்துறை. தொட்டி என்னவானது என்று கேட்கும் நிலையில் அப்போது ஒருவரும் இல்லை. ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது ஒழுங்கையில் வீடுகளும் இல்லை, நானாவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் தண்ணீரின் வழி வேறு. மழையைத் தவிர மேலிருந்து வருவதில்லை. கீழே போவதெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் போய் மறுபடி கிணற்றுக்கு வரும். கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் போகும்படி ஒவ்வொரு வளவிலும் வெட்டி வைத்திருப்பார்கள். கழிவுக் குழாய்த் தொகுதி இருக்கவில்லை. மலக்குழிகளும் தோட்டத்து உரமும் சேர்ந்து குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றிவிட்டன என்பது ஆய்வாளர்கள் பல காலமாய்ச் சொல்லிவரும் கவலை. அந்த உவர் கலந்த கடினத் தண்ணீரில் லே தித்தியா வளராது. கப்பியும் மொலியும் பெருகும். நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று கிணறுகளில் கப்பி விடுவது வழக்கமாக இருந்தது. துலாக்கயிற்றோடு வரும் வாளியில் இரண்டு குஞ்சும் சேர்ந்து வரும்.

இன்று வெள்ளவத்தை. ஐந்தாம் மாடி. பேரனின் நாலடித் தொட்டிக்கு மோட்டார் வைத்த வடிகட்டி, நேரம் பார்த்து எரியும் விளக்கு, குளியலறை வரை நீளும் பதினைந்தடி ஹோஸ். வாளி இல்லை. இந்த வீட்டில் தண்ணீர் போக மூன்று வாய்கள் இருக்கின்றன. குசினித் தொட்டி ஒன்று; அங்கே அப்பாச்சியின் சட்டம் இன்னும் நடக்கிறது. குளியலறைக் கான் இன்னொன்று. அதில் இறங்குவது கழிவுக் குழாய்க்குப் போய், பம்பி நிலையம் தாண்டி, வெள்ளவத்தைக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் கடலடியில் நீளும் குழாயின் வாயில் வெளியேறும். முகத்துவாரத்திலும் அப்படியொரு குழாய் உண்டு. கொட்டாஞ்சேனைக்காரரின் தண்ணீர் அந்தப் பக்கம். மூன்றாவது, பல்கனியின் மூலையிலுள்ள சின்ன ஓட்டை. தொட்டிக்கு மிகக் கிட்ட இருப்பது அதுதான், பேரன் முதலில் ஹோஸை வைக்கப் பார்த்ததும் அங்கேதான். ஆனால் அது மழைநீர்க் குழாய். தெருக்கானுக்கு இறங்கி, வாய்க்கால் வழியே, எந்தச் சல்லடையும் இல்லாமல் போய்விடும்.

அழுக்கைவிட அவருக்குப் பெரிய பயம் உயிர். ஹோஸ் இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத குஞ்சும் முட்டையும் பாசித் துண்டும் சேர்ந்து போகும். ஓரங்குலத் தண்டு போதும், முளைத்துவிடும். இந்தத் தீவுக்கு இது புதிதல்ல. 1905இல் அழகுச் செடியாய் வந்த ஆகாயத்தாமரையை ஒழிக்க 1909இலேயே சட்டம் போட வேண்டியிருந்தது. 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்கென்று வந்த சல்வீனியா வயலையும் வாய்க்காலையும் மூடியது. அடுத்தது மீன். கண்ணாடியில் பாசி தின்னும் என்று வாங்கும் விரலளவு ரேங்க் கிளீனர் ஒன்றரை அடிக்கு வளரும் தென்னமெரிக்க மீன். தொட்டி கொள்ளாமல் போனதும் பாவம் பார்த்து வாய்க்காலில் விடுவார்கள். முள்ளும் கவசமுமாய் அது வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைந்து பொந்து வைக்கிறது. போல்கொடையிலும் தியவன்னாவிலும் பிடிபடும் கிளவுன் நைஃப் மீனும் யாரோ ஒருவரின் வரவேற்பறையிலிருந்து போனதுதான். அது உள்ளூர்க் குஞ்சு மீன்களைத் தின்கிறது. ஹோர்லிக்ஸ் போத்தலில் வந்த அந்தச் சிவப்பு மீன்களின் ஓடைகளுக்கு இப்படியொன்று ஏறிவிடுமோ என்று நினைத்தால் அவருக்கு இரவில் நித்திரை வராது. பேரனுக்கு அவர் சொன்ன சட்டம் கடுமையானது: ஹோஸின் வாயில் மெல்லிய நைலோன் சீலை கட்டியிருக்க வேண்டும், வேண்டாத மீன் கடைக்குத் திரும்பிப் போகும், வாய்க்காலுக்குப் போகாது, மருந்து போட்ட கிழமையில் தண்ணீர் முழுவதும் குளியலறைக்கு.

மருந்து போடாத கிழமைகளில் வாளி திரும்பி வந்திருக்கிறது. அடைப்பெடுத்த பாஸ் போன மறு ஞாயிறு, கல்லை உறிஞ்சாதபடி அகலவாய்க் குழாயொன்றை ஹோஸில் பொருத்தினார்கள். முதல் இரண்டு வாளியைப் பல்கனிச் செடிகளுக்கு ஊற்றினார்கள். மிஞ்சியதை என்ன செய்வதென்று பேரன் நின்றபோது, மூன்றாம் மாடியில் தொட்டிச் செடி வளர்க்கும் ஓர் அம்மாவின் நினைவு அவருக்கு வந்தது. லிப்டில் ஒரு வாளி கீழே போனது. அடுத்த கிழமை இரண்டாம் மாடியிலிருந்தும் ஆள் வந்தது, பிறகு காவலாளியும் தன் வாசல் பூச்சாடிகளுக்கென்று கேட்டார். இப்போது ஞாயிறு காலையில் வீட்டு மணி அடிக்கிறது. போன கிழமை கதவைத் திறந்தபோது வெறும் வாளியோடு இரண்டு பேர் நின்றார்கள்.

“தம்பி, போன முறை அவவுக்குக் குடுத்தனீங்கள். இந்தக் கிழமை எனக்கெல்லோ?”

பேரன் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் காணும். அரைவாசி அரைவாசியாய் எடுங்கோ” என்றார்.